செபமாலையின் மறுபாதி

சத்தியம், சத்தியம், மூன்றாந்தரமும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் நாக்கு இருக்கிற இடத்திலேயே கருவாடாகிப் போகட்டும், காக்கை கொத்திக்கொண்டு போகட்டும். மாலத்தீவுக் கடலில் என் செபமாலையை விழுங்கின சூரை மீன் மூன்று மாதம் கழித்து எங்கள் ஊர்ச் சந்தைக்கே வந்து, என் பெண்சாதி மெத்தில்தா அதை வாங்கி அறுக்கையில் மாலை ஒரு மணி கூடுதலாக வெளியே வந்தது என்று சொன்னேனே, அது வேறு. அந்தக் கூடுதல் மணி நான் சேர்த்தது. இதில் சேர்மானமே கிடையாது. சொல்வது கஸ்பார் மச்சாது. முப்பது வருஷம் தோணியை நடத்தின தண்டல், எழுபத்துநாலு வயசு, நாற்பது வருஷமாக இந்தக் கோவிலில் செபமாலைக்கு முன்சொல்லுகிறவன். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே எழுந்து போய்விடும். போகவில்லையா? சரி, இன்னும் கிட்ட வாரும்.

அந்த மணிநேரத்துக்குள்ளேயே போய் நின்று சொல்லுகிறேன்: மணி ஒன்று அடித்தாயிற்று. மாதத்தின் முதல் வெள்ளி. காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் நற்கருணையை, ஆண்டவரே இருக்கிற அந்த வெள்ளை அப்பத்தை, கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தின்மேல் நிறுத்திவிட்டுப் போவார். சாயங்கால ஆசீர்வாதம் வரைக்கும் அது அங்கேயே இருக்கும். இருக்கிற நேரம் பூராவும் எதிரே ஒரு மனுஷ உயிராவது இருக்கவேண்டும், ஆண்டவரைத் தனியாக விடக்கூடாது, அதற்காக மணிக்கு ஒரு ஆள் என்று வாசலில் பட்டியல் தொங்கும். ஒன்றிலிருந்து இரண்டு எனக்கு. ஊரே சோற்றை உண்டு மல்லாந்து கிடக்கிற நேரம், ஒருத்தரும் அதை வாங்கமாட்டார்கள், நான் வாங்கினேன், பக்தியால் என்று நினைக்கவேண்டாம், வீட்டில் தகரக் கூரை, கோவில் தளமோ பாதத்தில் ஜில்லென்று ஏறும். ஒரே சங்கடம், அடுத்த ஆள் வந்து முழந்தாள்படுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. பீடத்துக்கு முதுகு காட்டவும் கூடாது, போகும்போதுகூட முகத்தைப் பீடத்துக்கு வைத்துப் பின்னாலேயே நடந்து போவது எங்கள் ஊர் வழக்கம். புறப்படும்போது மெத்தில்தா சொன்னாள், "ஏங்க, இன்னைக்காவது ஆண்டவரைக் கொஞ்சம் பேச விடுங்க. அவருக்கும் வாய்னு ஒண்ணு இருக்கும்லா." அவளுக்குத் தெரியாது, அதுதான் எனக்கு இன்றைக்குத் தண்டனையே. நேற்றுப் பாவசங்கீர்த்தனக் கூட்டில் அந்தச் சின்ன வயசுப் பங்குச் சாமியாரிடம், "சாமி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் ஒரு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டான்" என்றேன். "அந்த ஒருத்தரை வரச் சொல்லுங்க பாட்டையா" என்றார். "அவன்தான் சாமி முழந்தாள்ல நிக்கான்." அவர் வலைக்கம்பிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "நாளைக்கு உங்க மணிநேரத்துல வாயைத் திறக்காதீங்க. வேண்டாதீங்க, பாடாதீங்க, கதை சொல்லாதீங்க. காதை மட்டும் குடுங்க. அவர் என்ன சொல்லுதாரோ அதை அந்த அம்மாகிட்ட சொல்லுங்க." லேசாகச் சொல்லிவிட்டார். ஆண்டவர் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன செய்ய என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அதற்குள் பாவமன்னிப்பு கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

ஆகவே காது கொடுத்திருக்கிறேன். கரண்ட் போய்விட்டது, மின்விசிறி நாலு சுற்று சுற்றித் தயங்கி நின்றது, அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தத்தை மூடி வைத்திருந்தது என்று தெரிகிறது. என் வயிறு பேசுகிறது, மெத்தில்தாவின் புளிக்குழம்பு. சுவர்க்கடிகாரம். மேலே எங்கோ ஒரு புறா நகத்தால் ஓட்டைக் கீறுகிறது. மெழுகு உருகுவதற்குச் சத்தம் உண்டா, உண்டு, இல்லை, அது என் முட்டு. கடலைக் காணோம். அதாவது கடலின் சத்தத்தைக் காணோம். கோவிலின் பக்கவாசலில் இருந்து நூறு எட்டு வைத்தால் தண்ணீர், பிறந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம் அது என் காதை விட்டதில்லை, இப்போது இல்லை. காற்று கரையிலிருந்து வீசுகிறதாக இருக்கும். இருக்கும். பதினொரு மாதத்துக்கு முன்னாலும் இப்படித்தான் காற்று செத்துக் கிடந்தது, பிறகு ஒரே வீச்சாக வந்தது, மூன்றுபேர் போன பைபர் படகு கவிழ்ந்து இரண்டுபேரை அடுத்த ஊர்ப் படகு தூக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது ஆள் லடிஸ்லாஸ். கித்தேரியம்மாளுக்கு ஒரே பிள்ளை. அவளுக்குப் புருஷன் முன்னமே கிடையாது. அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம், பெண்சாதி ஷெர்லின், வடக்கே இரண்டு ஊர் தள்ளி. தேடாத இடமில்லை. முப்பதாம் நாள் கழித்து வந்த முதல் வெள்ளியில், இதே நேரம், இதே இடம், நான் என் மணிநேரத்தை அரைத்தூக்கத்தில் முடித்தேன், கித்தேரி அடுத்த மணிநேரத்துக்கு வந்தாள், அவள் வந்த கோலத்தைப் பார்த்தேன், கன்னத்தில் எலும்பு எழும்பி, கண் உள்ளே போய், அன்னம் தண்ணீர் இறங்காமல் ஒரு மாதம் கிடந்த உடம்பு. பேசக்கூடாத இடத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உள்ளே இவ்வளவு நேரம் இருந்தீகளே, ஆண்டவர் ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். நான் என்ன செய்யவேண்டும், நீரே சொல்லும். ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கட்டுமே என்று, "சொன்னாரு கித்தேரி. பையன் கரையில கிடக்கான். மூச்சு இருக்கு" என்றேன்.

அன்று அவள் கஞ்சி குடித்தாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அடுத்த முதல் வெள்ளி மறுபடியும் வந்து நின்றாள், இப்போது முகத்தில் எண்ணெய் தடவியிருந்தாள், "அண்ணே, இந்த மாசம் என்ன சொன்னாரு?" ஒரு சின்னத் தீவு என்றேன். மூன்றாம் மாதம் தென்னந்தோப்பு, காவலுக்கு இருக்கிற ஒரு கிழவன், பாஷை தெரியவில்லை, சைகையால் பேசிக்கொள்கிறார்கள். நாலாம் மாதம் தாடி. ஐந்தாம் மாதம் ஒரு நாய், நொண்டி நாய், அவனை விட்டு அகலாது. பொய்யில் ஒரு நொண்டியாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது நடக்காது, இது என் தொழில் ரகசியம். ஏழாம் மாதம் சும்மா இருக்கட்டுமே என்று அவனுக்குக் காய்ச்சல் வரவைத்தேன், கித்தேரி மூன்று நாள் பச்சைத்தண்ணீர் தொடவில்லை, எட்டாம் மாதம் வரைக்கும் பொறுக்கமாட்டாமல் நான் சந்தையிலேயே அவளை வழிமறித்துக் குணப்படுத்தினேன். இப்படி ஒரு பிள்ளையை மாதத்துக்கு ஒருதடவை நான் பெற்றுக்கொண்டிருந்தேன். எனக்கும் அது பழகிவிட்டது, இடையில் மற்ற நாட்களில்கூட, வெற்றிலை போடும்போது, அந்த நாய் இப்போது என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன். போன மாதந்தான் அது நடந்தது. அவனுக்கு அங்கே ஒரு தோணி கட்டுகிற வேலை கிடைத்தது என்று சொல்ல வைத்திருந்தேன், தயாராக நாக்கின் நுனியில் இருந்தது, கித்தேரி வந்து கேட்டாள், நான் வாயைத் திறந்தேன், என் வாய் சொன்னது: "அவன் காதுல மணல் ஏறிட்டு. கூப்பிட்டாக் கேக்காது." சத்தியமாக அதை நான் கட்டவில்லை. அது எங்கிருந்து வந்தது. கித்தேரி என்னையே பார்த்தாள். "மணலா? ஏண்ணே, படுத்தா கிடக்கான்?" என்றாள். நான் என்னமோ சொல்லிச் சமாளித்தேன், தீவுக்காற்று, மணற்காற்று. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் காதைக் குடைந்துகொண்டே போனேன். மெத்தில்தா பின்னூசியால் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள்.

ஒன்றுமில்லை. கடிகாரம் ஒன்று இருபது. ஆண்டவரே, இன்னும் நாற்பது நிமிஷம், ஏதாவது சொல்லும், பெரிதாக வேண்டாம், உண்டு என்றோ இல்லை என்றோ. வாயைத் திறக்கவில்லை, மனசில்தான் சொன்னேன், அது கணக்கில் சேருமா. கதிர்ப்பாத்திரம் வெயிலில் ஒரு பொன் வண்டைப்போல ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தை வெகுநேரம் பார்த்தால் அது பார்க்க ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் நான் அதற்கு இடம் கொடுத்ததில்லை, ஒரு நிமிஷம் விடாமல் பேசுவேன், அதைக் கொடும், இதைத் தள்ளும், மருமகனுக்கு வேலை, முழங்காலுக்குச் சுகம், பேசிப் பேசி எழுந்து போய்விடுவேன், இப்போதுதான் தெரிகிறது, அது ஜெபம் இல்லை, பயந்தவன் இருட்டுச் சந்தில் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவதுபோல. எதற்குப் பயம். எதிரில் இருக்கிறவர் வாய் திறந்துவிடுவாரோ என்று. நேற்று ஷெர்லின் வலைக்கொட்டகைக்கு வந்தாள். அதிகம் வாய் பேசாத பிள்ளை, வந்து நின்று, "மாமா, ஒண்ணு கேப்பேன். கதை சொல்லாம பதில் சொல்லணும்" என்றாள். "கேளு தாயி." "நான் அவியகூட நாலு மாசம் இருந்தேன். பதினொரு மாசமா அவிய சட்டையைத் துவைக்கேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கஞ்சி போட்டுத் தேச்சு வைக்கச் சொல்லுதாவ எங்க அத்தை, வந்தா உடுத்தணும்லா, அதுக்கு. ஒரு ஆளும் போடாத சட்டைக்குக் காலர் நைஞ்சு போச்சு மாமா, துவைச்சே." நான் வலையில் இல்லாத கிழிசலைத் தேடினேன். "எங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டுவாரான் என்னைக் கூட்டிட்டுப் போக. அத்தை அவிய ஆத்துமாவுக்குப் பூசை வச்சுட்டா நான் அழுதுட்டுப் போயிருவேன். பூசை வைக்காமப் போனா, புருஷன் உசுரோட இருக்கையில ஓடிப்போனவள்னு சொல்லுவாவ. சாமியார் கேட்டதுக்கு அத்தை, வெள்ளிக்கிழமை கஸ்பார் அண்ணன் ஆண்டவர்கிட்ட என்ன கேட்டுட்டு வாராவளோ அதுதான் முடிவுன்னு சொல்லிட்டாவ. இருக்காவன்னா சொல்லுங்க, நான் இங்கனயே கிடக்கேன், எனக்குச் சட்டை துவைக்கக் கஷ்டமில்ல. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ஆனா ரெண்டுல எதுனாலும் ஆண்டவர் சொன்னதாச் சொல்லுங்க, நீங்க சொன்னதைச் சொல்லாதீங்க." அந்தப் பிள்ளைக்கு இருபத்துநாலு வயசு. வலையை அப்படியே போட்டுவிட்டு நேரே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

உண்டு என்றால் அந்தப் பிள்ளை சட்டையோடு சேர்ந்து நைந்துபோகும். இல்லை என்றால் கித்தேரி மறுபடியும் கஞ்சியைத் தள்ளிவைப்பாள், இந்தத் தடவை எடுக்கமாட்டாள். இல்லை என்று யார் சொல்வது, நானா, எனக்கு என்ன தெரியும், நான் போய்ப் பார்த்தேனா, ஒருவேளை நிஜமாகவே ஒரு தீவு, ஒரு நொண்டி நாய், பார்த்தீரா, நான் கட்டினதையே நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன், பொய் சொல்லுகிறவனுக்கு அதைவிட அசிங்கம் கிடையாது. ஆண்டவரே. ஒன்று இருபத்தைந்து. புறா நின்றுவிட்டது. கடிகாரமும் நின்றதுபோல ஒரு இடம் வந்தது, எல்லாச் சத்தமும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல, கை தானாக மடிக்குள் போய்ச் செபமாலையை எடுத்துவிட்டது, தண்டனை மறந்துபோயிற்று, வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை, துக்க தேவ இரகசியம், ஆண்டவர் பாடுபட்டதை நினைத்துச் சொல்லுகிற முறை. உமக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன், எங்கள் செபமாலை இரண்டாள் இழுக்கிற ரம்பம்: முன்சொல்லுகிறவன் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவான், கூட்டம் மறுபாதியைச் சொல்லி முடிக்கும். தனியாகச் சொல்லுகிறவன் இரண்டையும் தானே சொல்லிக்கொள்ளவேண்டும். நானோ நாற்பது வருஷம் முன்சொல்லிப் பழகினவன். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்து, பாதியில், பழக்கதோஷத்தில், நிறுத்தினேன். எனக்குப் பின்னாலிருந்து மறுபாதி வந்தது.

ஒரு ஆள் குரல். மூன்றாம் தூணை ஒட்டின பெஞ்சு, அந்தத் தூரம். யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள், வந்தது எனக்குக் கேட்கவில்லை, காது கொடுத்துக்கொண்டு இருந்தேன், ஆனாலும் கேட்கவில்லை. திரும்பக்கூடாது, பீடத்துக்கு முதுகு. நல்ல சாக்கு. அடுத்த மணி. முதல் பாதியைச் சொன்னேன், மறுபாதி வந்தது. வேகமாகச் சொன்னேன், வேகமாக வந்தது. நடுவில் நிறுத்தினேன், அதுவும் காத்திருந்தது, மூச்சில்லாமல் காத்திருந்தது, அதைத்தான் முதலில் கவனித்தேன், செபம் சொல்லுகிறவன் நடுவில் மூச்சு இழுப்பான், இது இழுக்கவில்லை. ஐந்தாம் மணியில் இன்னொன்று கேட்டது: 'ச' வருகிற இடத்தில் எல்லாம் சிறிதாகக் காற்று கசிந்து ஒரு சீழ்க்கை. முன்பல் பாதி உடைந்த வாய். நங்கூரக் கயிறு அறுந்து அடித்ததில் லடிஸுக்கு முன்பல் உடைந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முதுகுத்தண்டில் ஒரு எறும்பு ஏறி நடுவில் நின்றது. இதைக் கேளும், இதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்தப் பையன் செபமாலைக்கு வந்தால் மறுபாதியை முழுசாகச் சொல்லமாட்டான். "இப்பொழுதும்" என்று சொல்லி, "எங்கள் மரண நேரத்திலும்" என்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு, "வேண்டிக்கொள்ளும்" என்று போய்ச் சேர்ந்துகொள்வான். விடியக் கடலுக்குப் போகிறவன் அதை ஏன் வாயால் கூப்பிடணும் பாட்டையா என்பான். கித்தேரி தொடையில் கிள்ளுவாள், அப்பவும் சொல்லமாட்டான். இந்தக் குரல் சொன்னது. ஒவ்வொரு தடவையும், ஒரு எழுத்து விடாமல், பயமில்லாமல், வீட்டு விலாசம் சொல்லுகிறவனைப்போல, "எங்கள் மரண நேரத்திலும்". பிறகு எனக்கு வேறொரு பயம் வந்தது, முதல் பயத்தைவிடக் கேவலமான பயம். ஊரில் இருக்கிற குரல் எல்லாம் என் தொண்டையில் உண்டு. பழைய பங்குச் சாமியாரைப்போல இருமி, மணியடிக்கிற கோவில்பிள்ளையை ஓடவைத்திருக்கிறேன், மெத்தில்தாவின் அம்மையைப்போலக் கொல்லையிலிருந்து கூப்பிட்டு அவளை அழவைத்து மூன்று நாள் சோறு இல்லாமல் கிடந்திருக்கிறேன். இதுவும் நான்தானோ. என் தொண்டையே எனக்குத் தெரியாமல் பின்னால் போய் உட்கார்ந்து பேசுகிறதோ. இடது கையால் குரல்வளையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் சொல்லும்போது அது கைக்குள் துடித்தது. மறுபாதி வரும்போது செத்த மீன்போலச் சும்மா இருந்தது.

பத்துப் பத்து மணியாக நாலு சுற்று இப்படியே போயிற்று. ஐந்தாவதுக்கு நான் வாய் எடுப்பதற்குள் அது எடுத்துவிட்டது. முதல் பாதியை அது சொன்னது. என் இடத்தை. சொல்லி நிறுத்திக் காத்திருந்தது. இனி நான் மறுபாதி சொல்லவேண்டும், அவ்வளவுதானே, பச்சைக் குழந்தைக்குத் தெரிந்தது, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று ஆரம்பித்தேன், அதற்கப்புறம் எனக்கு வரவில்லை. நம்புவீரோ மாட்டீரோ. நாற்பது வருஷம் தினம் ஐம்பது தடவை காதில் விழுந்தது, வாயில் ஒருதடவையும் ஏறவில்லை. சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற, பாவிகளாயிருக்கிற, அங்கே தட்டிக்கொண்டு நின்றேன். குரல் அவசரப்படுத்தவில்லை. கரையில் நின்று படகு வருகிறதைப் பார்க்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி. எங்களுக்காக. இப்பொழுதும். அதற்கடுத்த சொல்லுக்கு வந்தபோது எனக்குப் புரிந்தது, இத்தனை வருஷம் என் சாவையும் சேர்த்து மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நான் ஜம்மென்று வாழ்க வாழ்க என்று அந்தப் பக்கம் நின்றுவிட்டேன். சொன்னேன். எங்கள் மரண நேரத்திலும். நாக்கில் உப்புக் கரித்தது. பத்துத் தடவை சொன்னேன், பத்தாவதில் தடுக்கவில்லை. ஆண்டவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை, அந்த வெள்ளை வட்டம் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் நான் வாயை மூடின இடத்தில் யாருடைய குரலைக் கேட்கவைத்தாரோ அவன் குரலைக் கேட்டுவிட்டேன். அவன் இருக்கிற இடம் தீவு இல்லை. நாய் இல்லை.

பக்கவாசல் கிறீச்சிட்டது. இரண்டு மணி. கடல் சத்தம் திறந்த கதவு வழியாக மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. கித்தேரி. பூப்போட்ட சேலை, பிள்ளை உயிரோடு இருக்கிறவள் என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே உடுத்துகிற சேலை. வந்து என் பக்கத்தில் முழந்தாள்பட்டாள், மீன் கழுவின கை, சோப்பையும் மீறின வாடை. "பேசினாரா அண்ணே?" என்று குசுகுசுத்தாள். கண் என் வாயில் இருந்தது. பத்து மாதமாக அந்த வாயிலிருந்து அவள் தின்றுகொண்டிருக்கிறாள். சொல்லிவிடு, கஸ்பாரே. கித்தேரி, நான் சொன்னது பூராவும் பொய் என்று வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் நம்புவாள். இப்போது கேட்டதைச் சொன்னால் நம்பமாட்டாள், இதுவும் அண்ணன் கட்டினது என்பாள். பொய்யை நம்பினவளிடம் நிஜத்தைக் கொடுக்க என்னிடம் வேறு பாத்திரம் இல்லை, இருக்கிற ஒரே வாய் அழுக்கு வாய். "இன்னைக்கு என்கிட்ட சொல்லமாட்டேன்னுட்டாரு" என்றேன். "நீயே கேளு." "நானா? எனக்கு எங்கே கேக்கும்? நான் என்ன, உங்களை மாதிரியா?" "கேக்கும். முன்சொல்லு. முதல் பாதியைச் சொல்லிட்டு நிறுத்து. மறுபாதி உன் வாயில வரும், விடாதே. காதைக் குடு." அவளுக்கு என்ன தோன்றியதோ, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மாலையை எடுத்தாள். நான் எழுந்தேன். முகம் பீடத்துக்கு, முதுகு அந்தப் பெஞ்சுக்கு. பின்னாலேயே நடந்தேன். அது உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் முதுகைக் கொடுத்துக்கொண்டு போவது, அப்பா, எழுபத்துநாலு வருஷத்தில் நான் ஓட்டின கடலெல்லாம் அந்த முப்பதடிக்கு ஈடாகாது. மூன்றாம் தூண் தோளில் இடித்தது. பெஞ்சில் ஒருத்தரும் இல்லை. கொஞ்சம் மணல் கிடந்தது, எங்கள் ஊர்க் கோவிலில் மணல் இல்லாத பெஞ்சு எது.

கித்தேரி முதல் பாதியைச் சொன்னாள். சொல்லி நிறுத்தினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு வந்தது அவளுக்கு வரவில்லை, எவ்வளவு நேரம், நான் மூச்சை எண்ணினேன், ஒன்பது, பத்து, அவள் கழுத்து விறைத்துக்கொண்டே போனது, இன்னும் ஒரு மூச்சு போனால் திரும்பிவிடுவாள், திரும்பி வந்து என் சட்டையைப் பிடிப்பாள், நான் மறுபடியும் ஒரு நாயைக் கொடுப்பேன். ஆண்டவரே, இப்போது பேசும், இப்போது. அவர் பேசவில்லை. நான் பேசினேன். உடைந்த முன்பல்லை நாக்கால் செய்துகொண்டு, சீழ்க்கையோடு, அவன் குரலில், மறுபாதியை, முழுசாக. எங்கள் மரண நேரத்திலும். அவள் தோள் இரண்டும் ஒருதடவை தூக்கிப் போட்டது. திரும்புவாள் என்று நினைத்தேன், திரும்பவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது, பெற்றவள், தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லவைக்க முடியாத வார்த்தையை அவன் தானாகச் சொன்னான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டாம். அடுத்த மணி. அவள் சொன்னாள். நான் பதில் சொன்னேன். மூன்று. நாலு. ஒவ்வொரு முறையும் இதுதான் என் கடைசிப் பொய், இதுதான் என் கடைசிப் பொய் என்று உள்ளே இன்னொரு செபமாலை ஓடியது, பொய்யா அது, நான் கேட்டதைத்தானே சொல்லுகிறேன், எதிரொலி பொய் ஆகுமா, ஒன்பதாவதையும் சொல்லி முடித்தேன், பத்தாவதுக்கு முதல் பாதியை அவள் சொல்லும்போது இருமல் முட்டிக்கொண்டு வந்துவிட்டது, தோள்துண்டை முழுசாக வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன், அவள் நிறுத்தினாள், போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடினேன். மறுபாதி வந்தது. தூணிலிருந்து இல்லை. முன்னாலிருந்து, அவளுக்கும் பீடத்துக்கும் இடையில் இருக்கிற வெறும் தரையிலிருந்து, நிதானமாக, மூச்சு இழுக்காமல். என் வாயில் துண்டு இருந்தது. கித்தேரி கையை நீட்டினாள், குழந்தையின் தலையைத் தடவுகிற உயரத்துக்கு நீட்டி, அங்கேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். எங்கள் கரையில் கடலுக்குப் புறப்படுகிறவனிடம் ஒருத்தரும் 'போ' என்று சொல்லமாட்டார்கள், போயிட்டு வா என்பார்கள், கோபத்தில்கூட அந்த வார்த்தை ஒரு தாய் வாயில் வராது. கித்தேரி சொன்னாள், "சரி மக்கா. போ."

ஞாயிற்றுக்கிழமை பையனுக்குப் பூசை நடந்தது. கித்தேரி வெள்ளை உடுத்தி வந்தாள், பூசை முடிந்து ஊரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், ஷெர்லின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அண்ணன் வண்டியில் ஏறினாள், தலை நிமிர்ந்து ஏறினாள், ஒரு வாய் தப்பாகப் பேசவில்லை. நான் இப்போது செபமாலைக்கு முன்சொல்லுவது இல்லை, கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து மறுபாதி சொல்லுகிறேன், மெத்தில்தா எனக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று கஷாயம் போட்டுக் கொடுக்கிறாள். உமக்கு மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாமல் உமக்கு இருக்கமுடியாது, உம்ம மூஞ்சியிலேயே தெரிகிறது; சொல்லும், ஆனால் யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதேயும், கஸ்பார் என்கிற பேரே வரக்கூடாது. என் மானத்துக்காக இல்லை ஓய், அது போய் வெகுகாலம் ஆயிற்று. ஒன்பதை நான் சொன்னேன் என்று கித்தேரிக்குத் தெரிந்தால், பத்தாவதையும் நான்தான் சொன்னேன் என்று நினைத்துவிடுவாள்.